ஜெனரல் கே.வி. கிருஷ்ணா ராவ்: போர்க்களம் முதல் ஆளுநர் மாளிகை வரை

இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக 1981 முதல் 1983 வரை பணியாற்றியவர் ஜெனரல் கோட்டிகலபூடி வெங்கட கிருஷ்ணா ராவ். ஆந்திரத்தைச் சேர்ந்த இவர், ஓய்வுக்குப் பின் ஜம்மு-காஷ்மீர் ஆளுநராக இருமுறை பதவி வகித்தார். தீவிரவாதம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அம்மாநில நிர்வாகத்தை வழிநடத்திய பொறுப்பே இவரது பொதுவாழ்வின் கடுமையான சோதனையாக அமைந்தது.

தொடக்ககாலம்

1923 ஜூலை 16-ஆம் தேதி பிறந்த கிருஷ்ணா ராவ், 1942 ஆகஸ்டில் மஹர் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா உள்ளிட்ட முனைகளில் பணியாற்றினார். தேசப் பிரிவினையின்போது பஞ்சாபிலும், 1947-48 போரில் ஜம்மு-காஷ்மீரிலும் கடமையாற்றினார். பின்னாளில் தலைமைத் தளபதியான, செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே. சுந்தர்ஜியும் இதே மஹர் படைப்பிரிவைச் சேர்ந்தவர்.

1971 போர்

வங்கதேச விடுதலைப் போரில் 8-ஆவது மலைப்படை டிவிஷனுக்குக் கிருஷ்ணா ராவ் தலைமை தாங்கினார். லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் 4-ஆவது படைப்பிரிவின் கீழ் இயங்கிய இந்த டிவிஷனுக்கு சில்ஹெட் பகுதி இலக்காக அளிக்கப்பட்டது. டிசம்பர் 7-ஆம் தேதி கூர்க்கா வீரர்கள் ஹெலிகாப்டர்கள் மூலம் சில்ஹெட் அருகே இறக்கப்பட்டனர். எதிர்பார்த்ததைவிட வலுவான பாகிஸ்தான் படை அங்கு இருந்தபோதிலும், அவர்கள் பின்வாங்காமல் நிலையைக் காத்தனர். இப்போரில் ஆற்றிய பணிக்காகக் கிருஷ்ணா ராவுக்குப் பரம் விசிஷ்ட சேவா பதக்கம் வழங்கப்பட்டது.

ராணுவச் சீரமைப்பு

ராணுவத்தின் நீண்டகாலத் தேவைகளை ஆராய 1975-இல் அமைக்கப்பட்ட நிபுணர் குழுவுக்கு இவர் தலைவராக நியமிக்கப்பட்டார். சுந்தர்ஜியும் அதில் உறுப்பினராக இருந்தார். காலாட்படையைக் கவச வாகனங்களுடன் இணைத்து வேகமாக நகரும் படையாக மாற்ற வேண்டும் என்ற சிந்தனைக்கு இக்குழு வலுச் சேர்த்தது. 1979-இல் இயந்திரமயக் காலாட்படைக்கெனத் தனி ரெஜிமென்ட் உருவாக்கப்பட்டது.

மேற்குக் கட்டளையகத் தலைமைக்குப் பின், 1981 ஜூன் 1-ஆம் தேதி ஜெனரல் ஓ.பி. மல்ஹோத்ராவிடமிருந்து தலைமைத் தளபதி பொறுப்பை ஏற்றார். முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராகவும் இருந்தார். 1983 ஜூலை 31-ஆம் தேதி ஓய்வுபெற்றார். அடுத்த தளபதியாக, பணிமூப்பில் முன்னிருந்த லெப்டினன்ட் ஜெனரல் எஸ்.கே. சின்ஹாவைத் தவிர்த்து ஏ.எஸ். வைத்யாவை அரசு தேர்ந்தெடுத்தது. இதையடுத்து சின்ஹா பதவி விலகினார்.

ஆளுநர் பொறுப்பு

1984 முதல் நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா மாநிலங்களின் ஆளுநராக இருந்த கிருஷ்ணா ராவ், 1989 ஜூலையில் ஜம்மு-காஷ்மீருக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சர் முப்தி முகமது சயீதின் மகள் கடத்தப்பட்டதும், அவரை மீட்கத் தீவிரவாதிகள் விடுவிக்கப்பட்டதும் நிலைமையை மேலும் மோசமாக்கின. 1990 ஜனவரியில் ஜக்மோகன் ஆளுநராக நியமிக்கப்பட, கிருஷ்ணா ராவ் வெளியேறினார்.

1993 மார்ச்சில் மீண்டும் அதே பதவிக்கு அழைக்கப்பட்டார். அப்போது மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றதால், நிர்வாகப் பொறுப்பு நேரடியாக ஆளுநரிடமே இருந்தது. அவ்வாண்டு ஹஸ்ரத்பால் மசூதியில் தீவிரவாதிகள் புகுந்ததால் ஏற்பட்ட முற்றுகை ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்து, மசூதிக்குச் சேதமின்றி முடிந்தது. ஆனால் 1995 மே மாதம் சரார்-ஏ-ஷரீப் தர்கா தீக்கிரையானது. அதே ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, ஜம்மு மைதானத்தில் குடியரசு தின விழாவில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் இவர் உயிர்தப்பினார்.

1996-இல் சட்டமன்றத் தேர்தல் நடத்தப்பட்டு, பரூக் அப்துல்லா தலைமையில் மக்களாட்சி மீண்டது. கிருஷ்ணா ராவ் 1998 மே வரை ஆளுநராக நீடித்தார்.

தேசப் பாதுகாப்பு குறித்து 'பிரிப்பேர் ஆர் பெரிஷ்' என்ற நூலை எழுதிய இவர், 2016 ஜனவரி 30-ஆம் தேதி டெல்லியில் தமது 92-ஆவது வயதில் காலமானார்.