சேர்க்கைப் பதிவேடு கூறும் வரலாறு

கோவிலருகே பள்ளிக்கூடம் அமைப்பது தமிழகத்துக் கிராமப் பங்குகளின் பழைய வழக்கம். கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு விசுவாசிகளின் கணக்கைக் கூறும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடோ ஊர் முழுவதன் கதையையும் கூறும். பிறந்த தேதி, பெற்றோர் தொழில், சாதி, மதம், விலகிய நாள் என்னும் கட்டங்களைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அதுவே சரித்திர நூல்.

1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை உதவி மானிய முறைக்கு வழிவகுத்தது. மிஷன் பள்ளிகள் பல அம்மானியம் பெற்று வளர்ந்தன. ஆயினும் சேர்ந்த பிள்ளைகள் அனைவரும் நிலைக்கவில்லை. ஆடு மேய்க்கவும், அறுவடைக்குச் செல்லவும், தம்பி தங்கையரைப் பார்த்துக் கொள்ளவும் பலர் நின்றுவிட்டனர். அவர்களுள் முதலில் நின்றவர்கள் பெண் பிள்ளைகளே.

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்த முதலமைச்சர் காமராஜர், 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கூலி வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளைக்கு ஒரு வேளை உணவு உறுதி என்று நம்பிப் பள்ளிக்கு அனுப்பினாள். வகுப்புகள் நிறைந்தன.

பின்னர் நிலைமை மாறிற்று. குடும்பங்கள் சிறுத்தன, பிழைப்புத் தேடிப் பலர் நகரம் சென்றனர், ஆங்கில வழிப் பள்ளிகளின் வேன்கள் கிராமத்துத் தெருவிற்கே வந்தன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். எனவே ஒரு பிள்ளை குறைந்தாலும் ஓர் ஆசிரியர் பணியிடம் ஆட்டம் காணலாம்.

2024 ஜூலை 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் பள்ளியில், ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. 3,995 பள்ளிகளின் 2,23,536 பிள்ளைகளுக்கு அது உரியதாயிற்று. இந்த உணவு எத்தனை பிள்ளைகளுக்கு உரியதாயிற்று என்பதை அவ்வெண்ணிக்கை உணர்த்துகிறது.

இத்தகைய பள்ளிகளில் ஏறி உயர்ந்த நாம், நம் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, "பள்ளியில் கூட்டமில்லையே" என வருந்துவது முறையாகுமா? தலைகளை மட்டும் எண்ணாமல், வருகிறவர் யாரென்றும் பார்ப்போம். பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில் 'கூலி' என்று எழுதப்படும் வரையில், அச்சிறு பள்ளியின் பணி முடியவில்லை.