கடைசியாகத் துப்பாக்கி யார் கையில் இருந்தது?
பள்ளித் துப்பாக்கிச் சூடுகளும் பெற்றோரின் குற்றப் பொறுப்பும்: மிச்சிகன் மாநில வழக்குகளை முன்வைத்து

2024 பிப்ரவரி 6ஆம் நாள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓக்லண்ட் மாவட்ட நீதிமன்றத்து நடுவர் குழு, ஜெனிஃபர் கிரம்ப்ளி என்ற பெண்ணைக் குற்றவாளி என்று அறிவித்தது. ஆக்ஸ்ஃபர்ட் என்ற ஊரின் பள்ளியில் நேர்ந்த நான்கு மாணவர்களின் சாவுக்கு நான்கு குற்றச்சாட்டுகள், நான்கும் மெய்ப்பிக்கப்பட்டன. அவர் யாரையும் சுடவில்லை. சுட்டவன் அவருடைய 15 வயது மகன். ஐந்து வாரம் கழித்து, மார்ச் 14 அன்று, வேறொரு நடுவர் குழு அவருடைய கணவர் ஜேம்ஸ் கிரம்ப்ளியையும் அதே நான்கு குற்றங்களுக்குக் குற்றவாளியாக்கியது. பள்ளியில் பலரைச் சுட்டுக் கொன்ற பிள்ளைக்காக, மரணம் விளைவித்த குற்றத்தில் அமெரிக்கப் பெற்றோர் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அன்றைய செய்திகள் இதைப் புதிய சட்டம் பிறந்ததுபோலப் பேசின. அப்படி ஒரு சட்டம் பிறக்கவில்லை. இந்தத் தம்பதி மீது பாய்ந்தது 1931ஆம் ஆண்டு மிச்சிகன் தண்டனைத் தொகுப்பின் 321ஆம் பிரிவு. கொல்லும் எண்ணமின்றி ஒருவர் மரணம் விளைவித்தால் 15 ஆண்டு வரை சிறை என்கிற பழைய பிரிவு. சட்டம் மாறாதபோது மாறியது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அமெரிக்கச் சட்ட வரலாற்றில் பெற்றோரைத் தண்டித்த வழிகள் இரண்டு. பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை என்று தண்டிப்பது ஒன்று; பிள்ளையின் கைக்குத் துப்பாக்கி போய்ச் சேர்ந்த வழிக்காகத் தண்டிப்பது மற்றொன்று. கிரம்ப்ளி வழக்கு இரண்டாவது வழியில் வந்தது என்பதும், அதை முதல் வழியோடு குழப்பிக்கொள்வது ஆபத்து என்பதும் என் கருத்து.

வளர்ப்பைக் குற்றமாக்கியவர்கள்

இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா பெற்றுக்கொண்ட பொதுச் சட்ட மரபில், மகன் செய்த குற்றத்துக்குத் தந்தை பொறுப்பில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குற்ற எண்ணமே இருக்க முடியாது என்று அந்த மரபு கொண்டது. ஆனால் அந்த இடத்தில் பெற்றோரை நிறுத்தவில்லை. தன் செயலுக்கு, அல்லது தான் செய்யக் கடமைப்பட்டும் செய்யாததற்கு மட்டுமே ஒருவர் தண்டனை பெறலாம் என்பதே அதன் அடிப்படை.

முதல் உடைப்பு 1903இல் கொலராடோவில் நேர்ந்தது. சிறார் தவறுவதற்குத் துணைபோகும் பெரியவர்களைத் தண்டிக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. டென்வர் நகரச் சிறார் நீதிபதி பென் லிண்ட்சி அதற்காக முனைந்து நின்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1899இல், சிகாகோவில் நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியிருந்தது. பிள்ளை குற்றவாளியல்ல, கெடுக்கப்பட்டவன் என்று சொல்லத் தொடங்கியதும், கெடுத்தவர் யார் என்ற கேள்வி கூடவே வந்துவிட்டது. மற்ற மாநிலங்களும் கொலராடோவைப் பின்பற்றின.

1988இல் தெருக்கும்பல் வன்முறை உச்சத்தில் இருந்தபோது, கலிஃபோர்னியா இந்த வகைச் சட்டத்தை விரித்து, பிள்ளையை நியாயமான கவனத்தோடு மேற்பார்வையிடாத பெற்றோரையும் அதற்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் இச்சட்டப்படி கைதான தாய் ஒருவர், பிள்ளை வளர்ப்புப் பயிற்சி வகுப்புக்கு ஏற்கெனவே போய்வந்தவர் என்று தெரியவந்ததும் வழக்கு கைவிடப்பட்டது.

மிச்சிகனின் முதல் கட்டம் 1996. டெட்ராய்ட் அருகிலுள்ள செயின்ட் கிளேர் ஷோர்ஸ் என்ற சிறுநகரில், பல வீடுகளில் திருடிய 16 வயது மகனைக் கட்டுப்படுத்தத் தவறியதாக ஒரு தம்பதிக்கு ஆளுக்கு 100 டாலர் அபராதமும், நீதிமன்றச் செலவாக 1,000 டாலரும் விதிக்கப்பட்டன. அது நகர மன்றத்தின் விதி, மீறினால் அபராதம். இந்த வழியின் எல்லை அவ்வளவுதான். பிள்ளை வளர்ப்பு எங்கே பிழைத்தது என்று நீதிமன்றத்தால் அளந்து சொல்ல முடியவில்லை. அளக்க முடியாததற்குச் சிறைத் தண்டனை தரவும் அது தயங்கியது. அந்தத் தயக்கம் நியாயமானது.

ஷூ பெட்டியில் இருந்த துப்பாக்கி

நான்கு ஆண்டு கழித்து, அதே மாநிலத்தின் ஃபிளிண்ட் நகருக்கு அருகே, மவுண்ட் மாரிஸ் ஊராட்சியில் இருந்த பியுவெல் தொடக்கப் பள்ளியில், 2000 பிப்ரவரி 29 அன்று, ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் உடன் படித்த ஆறு வயதுச் சிறுமியைச் சுட்டுக் கொன்றான். தந்தை சிறையில் இருந்தார். தாய் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிள்ளைகளைத் தன் உடன்பிறந்தவர் வீட்டில் விட்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு ஷூ பெட்டியில் கிடந்தது திருட்டுத் துப்பாக்கி.

சிறுவன் மீது வழக்கில்லை. எண்ணத்தை உருவாக்கிக்கொள்ளும் வயதே அவனுக்கில்லை என்றார் அரசு வழக்கறிஞர். தண்டிக்கப்பட்டவர் அவனுடைய பெற்றோர் அல்லர், துப்பாக்கியை எட்டும் இடத்தில் வைத்திருந்த 19 வயது இளைஞர். அவர்மீது சுமத்தப்பட்டது அதே 321ஆம் பிரிவு. வழக்கை எதிர்த்து வாதிடாமல் ஏற்றுக்கொண்ட அவருக்கு 2 முதல் 15 ஆண்டு வரை சிறை கிடைத்தது.

இவ்வழக்கை ஆய்வாளர்கள் போதிய அளவு பொருட்படுத்தியதில்லை என்பது என் குறை. ஆக்ஸ்ஃபர்ட் தீர்ப்பின் மூதாதை இதுதான். குழந்தையின் விரல் விசையை அழுத்தினாலும், துப்பாக்கியை அங்கே விட்டவரின் செயலுக்கும் சாவுக்கும் இடையிலான தொடர்பு அறுவதில்லை என்று அரசுத் தரப்பு நின்றது இங்கேதான். ஆனால் அந்த இளைஞர் ஏழை. அவருடைய துப்பாக்கி திருட்டுப் பொருள். சட்டத்தின் கை அவரை எளிதாக எட்டியது. சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கி, சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளையிடம் போனால் என்ன என்ற கேள்வியை அப்போது யாரும் நீதிமன்றத்தில் வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்குக் காரணங்கள் ஏராளமாகவே இருந்தன. 1998இல் ஆர்கன்சா மாநிலத்து ஜோன்ஸ்பரோவில் 11, 13 வயதுச் சிறுவர்கள் தாத்தா வீட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். 1999இல் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டபோது, கைத்துப்பாக்கி ஒன்றை அந்தச் சிறுவர்களுக்கு விற்றவர் ஆறு ஆண்டு சிறை பெற்றார். பெற்றோர்மீது குற்ற வழக்கே இல்லை. அவர்கள்மீது தொடுக்கப்பட்ட இழப்பீட்டு வழக்குகள் பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுப் பணத்தில் சமரசமாயின. 2014இல் வாஷிங்டன் மாநிலத்து மேரிஸ்வில் பள்ளியில் நான்கு பேரைக் கொன்ற 15 வயதுச் சிறுவனின் தந்தை இரண்டு ஆண்டு சிறை சென்றார். அதுவும், துப்பாக்கி வைத்திருக்கவே தடை உள்ளவர் அதை வைத்திருந்தார் என்பதற்காகத்தான். மகன் கையில் அது எப்படிச் சிக்கியது என்பது குற்றச்சாட்டில் இல்லை.

அமெரிக்க அரசின் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட ஆய்வு, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை எடுத்துக்கொண்டது. தாக்கியவர்களில் 68 விழுக்காட்டினர் துப்பாக்கியைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள். 2008க்கும் 2017க்கும் இடைப்பட்ட 41 தாக்குதல்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு அறிக்கையில், துப்பாக்கியால் தாக்கியவர்களிடையே அந்த அளவு 76 விழுக்காடு. குழந்தைக்கு எட்டும்படி துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை ஃபுளோரிடா 1989இலேயே இயற்றியிருந்தது. மவுண்ட் மாரிஸ் சிறுமியின் மாநிலமான மிச்சிகன் இயற்றவில்லை.

நான்கு நாள்

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. ஜேம்ஸ் கிரம்ப்ளி ஆக்ஸ்ஃபர்ட் ஊரில் ஒரு கடையில் 9 மி.மீ. சிக் சாவர் கைத்துப்பாக்கி வாங்கினார். மகன் உடனிருந்தான். மறுநாள் தாய் அவனைச் சுடுபயிற்சிக் களத்துக்கு அழைத்துப் போனார். அது அவனுடைய கிறிஸ்துமஸ் பரிசு என்று சமூக ஊடகத்தில் எழுதினார். திங்கட்கிழமை, வகுப்பில் அவன் கைபேசியில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியர் பார்த்தார். பள்ளி தாய்க்குச் செய்தி விட்டது. தாய் மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் கோபமில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று அவர் சிரிப்போடு எழுதியிருந்தார்.

செவ்வாய், நவம்பர் 30. கணக்குத் தாளில் துப்பாக்கியும் இரத்தம் வழியும் உடலும் வரைந்து, தனக்கு உதவி வேண்டும் என்றும் எழுதியிருந்தான் அந்தப் பையன். பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்பட்டார்கள். சந்திப்பு சுமார் 12 நிமிடம். 48 மணி நேரத்துக்குள் மனநல ஆலோசனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லப்பட்டது. பெற்றோர் வேலைக்குத் திரும்பினார்கள்; பையன் வகுப்புக்குத் திரும்பினான். நான்கு நாள் முன்பு வாங்கிய துப்பாக்கியைப் பற்றி அந்த அறையில் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் முதுகுப் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. பிற்பகல் 12.51க்கு முதல் குண்டு வெடித்தது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஏழு பேர் காயமடைந்தார்கள்.

ஓக்லண்ட் மாவட்ட அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டொனால்ட், மூன்றாம் நாளே பெற்றோர் இருவர்மீதும் குற்றம் சாட்டினார். அவர் கையில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இல்லை. எனவே பழைய பிரிவை இரண்டு வழியில் நிறுவ முயன்றார்: பெற்றோரின் கடும் அலட்சியம், மைனர் பிள்ளை பிறருக்குத் தீங்கு செய்யாதபடி நியாயமான கவனத்தோடு தடுக்கும் கடமையில் தவறியது. இந்த இரண்டாவது கடமை இழப்பீட்டு வழக்குகளில் வளர்ந்தது. பணத்தால் ஈடுகட்டப்பட்ட ஒரு கடமை, சிறைத் தண்டனைக்கு அடிப்படையாக இடம்மாறியது இந்த வழக்கில் நடந்த பெரிய நகர்வு.

எதிர்த்தரப்பின் வலிமையான வாதம், மகன் தானாக முடிவெடுத்துச் செய்த கொலை இடையில் வந்து, பெற்றோரின் செயலுக்கும் சாவுக்கும் இருந்த தொடர்பை அறுத்துவிட்டது என்பது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மறுத்தது. அந்தச் செயல் நியாயமாக முன்கூட்டியே கண்டிருக்கக் கூடியதென்றால் தொடர்பு அறாது. இந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தவற்றை வைத்து நடுவர் குழுவே அதைத் தீர்மானிக்கலாம் என்றது. இதே வேகத்தில் எல்லாப் பெற்றோரும் கூண்டில் ஏற்றப்படுவார்களோ என்ற அச்சத்துக்கு, ஒவ்வொரு வழக்கும் தன் உண்மைகளுக்குக் கட்டுப்பட்டது என்று பதில் சொன்னது.

விசாரணையில் மூன்று பொருள்கள் முக்கியமாயின. மற்ற இரு துப்பாக்கிகள் இருந்த பெட்டகத்தின் திறப்பு எண் 000 என்றே விடப்பட்டிருந்தது. கொலைக் கருவியோடு வந்த கம்பிப் பூட்டு உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. மெக்டொனால்ட் அதுபோன்ற பூட்டை நடுவர் குழுவின் முன் மாட்டிக் காட்டினார். சில நொடிகளே ஆயின. மகனின் நாட்குறிப்பு, உதவி கேட்டும் பெற்றோர் காதுகொடுக்கவில்லை என்றது. கூண்டேறிய ஜெனிஃபர், தான் வேறு விதமாக எதையும் செய்திருக்கப்போவதில்லை என்றார். கடைசியாக அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த பெரியவர் அவர்தான் என்பதே தங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது என்று நடுவர் குழுத் தலைவி பிறகு சொன்னார். 2024 ஏப்ரல் 9 அன்று நீதிபதி செரில் மேத்யூஸ் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை விதித்தார்.

தீர்ப்பு சரி என்றே நான் கருதுகிறேன். விசாரணை சென்ற சில தடங்கள் சரியல்ல. குதிரைகளோடு ஜெனிஃபர் கழித்த நேரமும் திருமணத்துக்கு வெளியே அவருக்கிருந்த உறவும் அந்த மன்றத்தில் பேசப்பட்டன. இவற்றுக்கும் பூட்டப்படாத துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு? செயின்ட் கிளேர் ஷோர்ஸில் 100 டாலரோடு நின்றுபோன பழைய வழி, நல்ல தாயா கெட்ட தாயா என்ற அளவுகோல், இங்கே பின்வாசல் வழியாக நுழைந்தது. இன்னொரு முரணும் உண்டு. மகனை வயது வந்தவனாகக் கருதியே அரசு தண்டித்தது. பரோல் இல்லாத ஆயுள் சிறை. அதே பையனைக் கட்டுப்படுத்த வேண்டிய குழந்தையாகக் கருதிப் பெற்றோரையும் தண்டித்தது. இந்த முரணை அவிழ்க்கும் நேர்மையான வழி, பெற்றோர் குற்றத்தைத் துப்பாக்கியோடு மட்டும் கட்டுவது. பையைச் சோதிக்காமல் அவனை வகுப்புக்கு அனுப்பிய பள்ளி ஊழியர்கள்மீது குற்ற வழக்கே வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக்ஸ்ஃபர்டுக்குப் பிறகு

ஜார்ஜியாவின் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் 2024 செப்டம்பர் 4 அன்று இரு மாணவர்களும் இரு ஆசிரியர்களும் கொல்லப்பட்ட மறுநாளே, 14 வயதுச் சிறுவனின் தந்தை கைதானார். மகன் மிரட்டல் விடுத்ததாக வந்த தகவலை வைத்து 2023 மே மாதம் ஷெரிஃப் அலுவலகத்தினர் வீடு தேடி வந்து விசாரித்துப் போயிருந்தனர். அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் மகனுக்கு ரைஃபிள் பரிசளித்தார் என்றது அரசுத் தரப்பு. மிச்சிகன் போகாத தூரத்துக்கு ஜார்ஜியா போயிற்று. அவர்மீது இரண்டாம் நிலைக் கொலைக் குற்றச்சாட்டே சுமத்தப்பட்டது. விஸ்கான்சினின் மேடிசன் நகரப் பள்ளிச் சூட்டுக்காக 2025 மே மாதம் இன்னொரு தந்தைமீது வழக்குப் பாய்ந்தது.

எல்லா மன்றங்களும் ஒரே திசையில் போகவில்லை. 2018இல் டெக்சஸின் சாண்டா ஃபே பள்ளியில் பத்துப் பேரைத் தந்தையின் துப்பாக்கிகளால் கொன்ற 17 வயதுச் சிறுவனின் பெற்றோர், இழப்பீட்டு வழக்கில்கூடப் பொறுப்பில்லை என்று 2024 ஆகஸ்டில் நடுவர் குழு சொன்னது. சிறையைவிட எளிய அளவுகோலிலேயே அவர்கள் தப்பினார்கள். சட்டமன்றங்கள் எழுதாமல் விட்ட இடத்தில் பன்னிரண்டு பேரின் மனம்தான் சட்டம் என்றால், முடிவு மாநிலத்துக்கு மாநிலம் இப்படித்தான் மாறும்.

வீட்டில் துப்பாக்கியை எப்போதும் பூட்டியே வைக்கச் சொல்லும் விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் ரத்து செய்தது உண்மை. ஆனால் விபத்தைத் தடுப்பதற்கான வைப்பு விதிகளை அத்தீர்ப்பு தொடவில்லை என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே தடையாக நின்றது அரசமைப்பு அல்ல. சிறார் வரக்கூடிய வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும், தவறி உயிர் போனால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டத்தில் மிச்சிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மர் 2023 ஏப்ரலில் கையெழுத்திட்டார். அது நடைமுறைக்கு வந்த நாள் 2024 பிப்ரவரி 13. ஜெனிஃபர் கிரம்ப்ளி குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டு அன்று ஏழு நாள் ஆகியிருந்தது. மவுண்ட் மாரிஸ் வகுப்பறையில் அந்தச் சிறுமி இறந்து 24 ஆண்டு நிறைவதற்குப் பதினாறு நாள் இருந்தது.