பெண்களின் புற்றுநோயும் கத்தி பிடிக்கும் கைகளும்

எமது பாடசாலை நூறாண்டு காணும் இவ்வேளையில், வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகளின் சார்பில் ஒரு சிறு வரலாற்றைச் சொல்ல விழைகிறோம். கருப்பை, சூலகம் முதலியவற்றில் வரும் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணர்கள் உருவான கதை இது.

1898இல் வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் வேர்த்தைம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகக் கருப்பையையும் அதனைச் சூழ்ந்த இழையங்களையும் வயிற்றைத் திறந்து அகற்றினார். ஆரம்பத்தில் உயிரிழந்தோர் பலர். சிறுநீர்க் குழாய்களை ஒட்டியே கத்தி செல்ல வேண்டிய இவ்வேலையைப் புத்தகம் மட்டும் கற்றுத்தராது. தேர்ந்த கையின் அருகில் ஆண்டுக்கணக்கில் நின்றே பழக வேண்டும்.

தமிழ் மண்ணில் இதற்கு வழி திறந்தவர்கள் பெண்களே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் 12 கட்டில்களுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கினார். மறு ஆண்டு, மகப்பேற்றியலிலும் பெண்நோயியலிலும் மேற்பட்டம் பெற்ற வி. சாந்தா, கைக்கு வந்த எழும்பூர் அரசாங்க வேலையை விட்டு அங்கே சேர்ந்தார். 2021இல் மறையும்வரை அவருக்கு அதுவே வீடு. 1984இல் அந்நிலையம் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் உயர்பட்டப் படிப்பையும் ஆரம்பித்தது.

எமது நாட்டில் இப்பயிற்சி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் நடைபெறுகிறது. ஐந்தாண்டு வைத்தியப் படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பின்னர் பெண்நோயியல் மேற்படிப்பு, அதன்பின் வெளிநாட்டு அனுபவத்தோடு கூடிய சிறப்புப் பயிற்சி எனப் படிகள் பல. நிபுணரான பின்னும் படிப்பு முடிவதில்லை. கதிர்ச்சிகிச்சை, நோயியல் வைத்தியர்களுடன் கூடியிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் முடிவெடுப்பதும் ஒரு பாடமே.

ஆனால் எத்தனை தேர்ந்த கையாயினும் காலம் கடந்து வந்தவருக்குச் செய்யக்கூடியது குறைவு. அப்புத்தளைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் தாய்மார், ஒருநாட் பேர் போய்விடுமே என்று உதிரப்போக்கைக்கூட மறைத்துக்கொள்வார்கள். வெட்கம் இன்னொரு பூட்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை அது வருமுன்னரே கண்டுபிடிக்கலாம். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் செய்யும் பாப் பரிசோதனைக்குக் காசு வேண்டாம். 2017 முதல் ஆறாம் தரச் சிறுமியருக்குப் பாடசாலையிலேயே தடுப்பூசியும் கிடைக்கிறது.

எங்கிருந்தாலும் எமது தோழியர் இன்றே ஊருக்கு ஓர் அழைப்பு எடுங்கள். அம்மா, அக்கா, மதினியிடம் கிளினிக்குக்குப் போனீர்களா என்று கேளுங்கள். எமது வகுப்பறைகளிலிருந்தும் ஒரு சாந்தா புறப்படட்டும். அவர் கைக்கு வரும் நோயாளிகள் நேரத்தோடு வரட்டும்.