முதலில் சிவப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மேல்மாடிப் போர்த்துக்கல் அம்மா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். துவாயை அவிழ்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நெற்றி ஓரத்திலும் காதுப் பக்கத்திலும் தலைமயிர் குளத்துப் பாசியின் நிறத்தில் கிடந்தது. பன்னிரண்டு வருடமாகப் போட்டுவந்த பொன்னிறக் கீற்றுகளை விட்டுவிட்டு, பிறந்த கபில நிறத்துக்கே திரும்ப ஆசைப்பட்டிருக்கிறார். கடையில் 5.1 என்று எண் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி, அதில் எழுதியிருந்தபடியே பூசி, ஊறவிட்டு, அலசியிருக்கிறார். பெட்டியின் மேல் சிரிக்கிற பெண்ணுக்கு வடிவான கபிலம். இவருக்குப் பாசி.

“நான் என்ன பிழை விட்டேன்?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அவர் ஒரு பிழையும் விடவில்லை. அந்தப் பெட்டி அவருடைய தலைக்காகச் செய்யப்பட்டதில்லை, அவ்வளவுதான். அவரைக் குசினிக் கதிரையில் இருத்தினேன். குசினி என்று நாங்கள் சொல்வது அவர்களுடைய மொழியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சொல் என்று ஒருமுறை சொன்னதிலிருந்து, எங்கள் வீட்டில் அந்த இடம்தான் அவருக்குப் பிடித்த இடம்.

பாரிஸில் தலைமயிர் வேலைக்கு நான் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. சாயத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எல்லாரும் பெண்கள் எப்படிப் பொன்னிறமானார்கள் என்றுதான் எழுதுகிறார்கள். வெனிஸ் நகரத்துப் பெண்கள் 16ஆம் நூற்றாண்டில், உச்சி திறந்த தொப்பியின் விளிம்பில் மயிரைப் பரப்பி, மருந்துநீர் தடவி, மொட்டைமாடியில் வெயில் காய்ந்த கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. திரும்பிவந்த வழியை எழுதியவர்கள் குறைவு. என் வேலையில் பாதி அந்த வழியில்தான் கழிந்தது.

திரும்பிவர வேண்டிய தேவை தொடங்கியதும் இதே பாரிஸில்தான். 1818இல் தெனார் என்ற இரசாயனவியலாளர் ஐதரசன் பரவொட்சைட்டைக் கண்டுபிடித்தார். பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் அதை ‘ஒட்சிசன் ஏற்றிய தண்ணீர்’ என்றுதான் சொல்கிறார்கள். என் போத்தல்களில் 10, 20, 30 என்று எண்கள் இருக்கும். 20 என்றால், அந்தத் தண்ணீர் ஒரு லீற்றர் சிதையும்போது 20 லீற்றர் ஒட்சிசன் வெளிவரும் என்று அர்த்தம். சதவீதக் கணக்கில் அது 6. 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தத் தண்ணீரால் மயிரைப் பொன்னிறமாக்கிக் காட்டினார்கள். அதோடு வெயில் காய்கிற வேலை ஒழிந்தது.

அந்தத் தண்ணீர் மயிருக்குள் போய் என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். மயிருக்குள் இரண்டு வகை நிறமி உண்டு. ஒன்று கறுப்பும் கபிலமும், மற்றது சிவப்பும் மஞ்சளும். முதலில் அழிவது கறுப்பு. அதனால்தான் வெளிறும்போது மயிர் செம்மண் நிறமாகி, தோடம்பழ நிறமாகி, பிறகு மஞ்சளாகி, கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்பக்கம் போல ஆகிறது. அந்தக் கட்டத்தில் உள்ளே சிவப்பு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. போர்த்துக்கல் அம்மாவின் கீற்றுகள் பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில்தான் நின்றன. முதலில் துளையிட்ட றப்பர் தொப்பி போட்டு, கொக்கி ஊசியால் மயிரை வெளியே இழுத்துப் பூசினார்களாம். பிறகு அலுமினியத் தாள் வந்தது. கடைசியாக, தூரிகையை மயிரின் மேல் இழுத்துவிடும் முறை. 1970களில் பாரிஸ் சலூன்களில் வளர்ந்த அந்த முறைக்கு வைத்த பெயருக்குப் பிரெஞ்சில் அர்த்தம், கூட்டிப் பெருக்குதல்.

நிறத்தை எடுக்கிறதின் கதை இது. கொடுக்கிறதின் கதை 1863இல் தொடங்குகிறது. ஒஃப்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி விவரித்த ஒரு பொருள் காற்றுப்பட்டால் கருமையாகும். முதலில் விலங்குத் தோலின் உரோமத்துக்குச் சாயம் போட அதை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் மனிதத் தலைக்கு ஈயமும் வெள்ளியும் கலந்த சாயங்கள்தான். 1907இல் ஒயிஜென் ஷுலர் என்ற இளைஞர், ஒரு பேக்கரிக்காரரின் மகன், இரசாயனம் படித்தவர், அல்ஜே தெருவில் இரண்டு அறை வீடு ஒன்றில் இருந்துகொண்டு புதுச் சாயங்களைக் கலக்கத் தொடங்கினார். சாப்பாட்டு அறையில் சாயத்தைக் காட்டுவார், படுக்கையறை ஆய்வுகூடம். இரவில் செய்து பகலில் சலூன்களுக்குக் கொண்டுபோய் விற்பார். 1909இல் பதிந்த கம்பனியின் பெயரில் ‘தீங்கற்ற சாயங்கள்’ என்ற சொற்கள் இருந்தன. லொறியால் என்று உலகம் இன்று அழைப்பது அதைத்தான். தீங்கற்றது என்பதை நான் முழுதாக ஒப்பமாட்டேன். சாயங்களில் இன்றும் இருக்கிற ஒஃப்மனின் பொருள் சிலருடைய தோலை வீங்க வைக்கும். 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருப்பதை அருள்கூர்ந்து வாசியுங்கள்.

வீட்டில் தொடங்கிய சாயம் சலூனுக்குப் போய், மறுபடி வீட்டுக்கு வந்தது அமெரிக்கா வழியாக. 1950இல் கிளைரோல் கம்பனி கொண்டுவந்த சாயம், வெளிறச் செய்வதையும் நிறமூட்டுவதையும் ஒரே பூச்சில் முடித்தது. 1956இல் அதற்காக ஷேர்லி பொலிகொஃப் எழுதிய விளம்பரம், பார்க்கிறவர்களுக்குச் சாயமா இயற்கையா என்று தெரியாது என்று சொல்லி வீட்டுக்கு வீடு பெட்டியை வாங்க வைத்தது. அந்தப் பெட்டிகள் உள்ளே சிவப்பு இருக்கிற தலையை நினைத்துச் செய்தவை. 5.1இல் 5 என்பது வெளிர் கபிலம், புள்ளிக்குப் பின்னால் வரும் 1 சாம்பல் சாயல், அதாவது சிவப்பை அடக்குகிற நீலம். அடக்குவதற்குச் சிவப்பே இல்லாத மஞ்சள் கீற்றில் நீலத்தைப் போட்டால் என்ன வரும்? பச்சைதான்.

ஆகவே முதலில் சிவப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோலில் சிவப்போ எரிவோ இல்லையென்று பார்த்துவிட்டு, 7.4 என்ற செம்பு நிறச் சாயத்தை வெறும் சுடுதண்ணீரில் கரைத்து, கீற்றுகளில் மட்டும் தூரிகையால் பூசினேன். பரவொட்சைட்டு ஒரு துளியும் இல்லை. சலூன் படிப்பில் இதற்கு முன்நிறமூட்டல் என்று பெயர். என்னோடு வேலை செய்த ஈரானியப் பெண், இதைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டாள். அவளுடைய பாட்டி முதலில் மருதோண்டி போட்டு அலசுவாராம், அது காய்ந்த பிறகுதான் அவுரி இலைத் தூள். சிவப்பின் மேல் நீலம் ஏறிக் கபிலமாகும், இன்னும் வைத்திருந்தால் கறுப்பாகும். எங்கள் அம்மம்மாவும் நரைக்கு மருதோண்டிதான் போட்டார், ஆனால் அத்தோடு நின்றுவிட்டார். அவருடைய செம்பட்டைத் தலை எனக்கு நல்ல ஞாபகம்.

இருபது நிமிடத்தில் போர்த்துக்கல் அம்மாவின் தலை கரட் நிறமாகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அலசாமல் துவாயால் ஒற்றி எடுத்து, அதன் மேலேயே 6.3 என்ற சாயத்தை 10 எண் தண்ணீரில் கலந்து பூசினேன். ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கீற்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். செம்பு அமிழ்ந்து, தேநீர் நிறமாகி, கபிலத்துக்கு வந்தது. அலசி உலர்த்தியதும் அவர் மயிரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, தாயின் நிறம் என்றார்.

வெளிறிய மயிர் சாயத்தை நெடுநாள் பிடித்து வைக்காது, மூன்று கிழமையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பதினெட்டாம் நாளே வந்தார், கையில் கருவாட்டுக் கட்லட் ஒரு தட்டு. யன்னல் பக்கம் திரும்பச் சொன்னேன். காதோரத்தில் மஞ்சள் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நான் சுடுதண்ணீரை அடுப்பில் வைத்தேன்.