புவி இயற்பியலில் முதுநிலை, முனைவர் பட்டங்கள் (இந்தியா)

பூமியைத் தோண்டாமலே அதன் உள்ளமைப்பைக் கண்டறியும் துறை புவி இயற்பியல். நிலநடுக்க அலைகள், ஈர்ப்பு, காந்தப்புலம், மின்தடை, வெப்பம் ஆகியவற்றைத் தரையிலும் கடலிலும் ஆகாயத்திலும் அளந்து, அந்த எண்களிலிருந்து கீழே உள்ள பாறை, நீர், எண்ணெய், தாது ஆகியவற்றைக் கணிப்பது இதன் வேலை. இந்தியாவில் இத்துறையின் மேற்படிப்பு எம்.எஸ்சி., எம்.எஸ்சி. (டெக்), எம்.டெக்., பிஎச்.டி. என்ற பட்டங்களாக உள்ளது.

முதுநிலையில் சேர நிலவியல் படித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. நடைமுறையில் முதலில் கேட்கப்படுவது கணிதமும் இயற்பியலும்தான். பி.எஸ்சி.யில் இவ்விரண்டையும் படித்தவருக்குப் பெரும்பாலான இடங்களில் வாசல் திறந்தே இருக்கிறது. பாறைகளையும் படிவுகளையும் முதல் ஆண்டிலேயே சொல்லித்தருகிறார்கள். கணிதத்தை இடையில் விட்டுவிட்ட நிலவியல் மாணவர்தான் திணறுகிறார். அலைச் சமன்பாடு, ஃபூரியர் உருமாற்றம், அணிக்கோவை, கணினி நிரலாக்கம் இவையின்றி இரண்டாம் பருவத்தைத் தாண்டுவது கடினம். இயற்பியல் இளநிலை முடிக்கும் மாணவர்களில் பலருக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியாமல் போவது பெரிய இழப்பு.

சேர்க்கை முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. மும்பை ஐஐடியின் இரண்டாண்டு எம்.எஸ்சி. (பயன்பாட்டுப் புவி இயற்பியல்) படிப்புக்கு ஜாம் தேர்வு எழுத வேண்டும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. (டெக்) மூன்றாண்டுப் படிப்பு. அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட்-பிஜி தேர்வு. விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகமும் ஐதராபாத்தின் உஸ்மானியாவும் தத்தம் மாநில நுழைவுத் தேர்வுகள் வழியாகச் சேர்க்கின்றன. பிளஸ் டூ முடித்த கையோடு ஜேஇஇ அட்வான்ஸ்ட் எழுதி கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளில் நுழையும் வழியும் உண்டு. எம்.டெக். சேர்க்கைக்கு கேட் மதிப்பெண் தேவை. அத்தேர்வின் 'நிலவியலும் புவி இயற்பியலும்' தாளில் ஒரு பகுதி எல்லாருக்கும் பொது. அடுத்த பகுதியில் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுத வேண்டும்.

பாடங்கள் ஊருக்கு ஊர் சற்று வேறுபட்டாலும் நிலநடுக்கவியல், எதிரொளிப்பு நில அதிர்வு ஆய்வு, ஈர்ப்பு-காந்த முறைகள், மின் மற்றும் மின்காந்த முறைகள், கிணற்றுப் பதிவுகள், சமிக்ஞைப் பகுப்பாய்வு ஆகியவை எங்கும் இருக்கும். இவற்றோடு களப்பயிற்சியும் இறுதியாண்டு ஆய்வேடும் கட்டாயம். பட்டத்தின் உயிர் களப்பயிற்சியில்தான் இருக்கிறது.

ஈர்ப்பு ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். ஈர்ப்பு முடுக்கத்தை அளக்கும் அலகான மில்லிகாலில் சொன்னால், பூமியின் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9,80,000 மில்லிகால். ஒரு தாதுப் படிவு அதில் உண்டாக்கும் மாற்றம் பல சமயம் ஒரு மில்லிகாலுக்குள் அடங்கிவிடும். அளக்கும் புள்ளி ஒரு மீட்டர் உயர்ந்தால் ஈர்ப்பு 0.3086 மில்லிகால் குறைகிறது. ஆகவே உயரத்தை ஒரு மீட்டர் தவறாகக் குறித்த மாணவர், இல்லாத தாதுவை வரைபடத்தில் காட்டிவிட முடியும். இருக்கும் தாதுவை அழித்துவிடவும் முடியும். கருவியின் அளவீடும் நேரம் போகப் போகத் தானாக நகரும். அதைச் சரிசெய்ய, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். நிலத்தடி நீருக்கான மின்தடை ஆய்வில் சிக்கல் வேறு: கோடையில் காய்ந்த மண்ணில் அடித்த மின்முனை வழியே மின்சாரம் சரியாக இறங்காது, குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எண் நிலைக்கும். வகுப்பறையில் படித்த சூத்திரங்களுக்குப் பொருள் கிடைப்பது இந்த இடத்தில்.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் மாணவர்களை அதிகம் மடக்கும் கேள்வியும் இந்தக் கள அளவீடுகளையொட்டியே வரும். ஒரே ஈர்ப்பு மாற்றத்தை ஆழத்தில் உள்ள கச்சிதமான பொருளும் தரலாம், மேலே பரந்து கிடக்கும் பொருளும் தரலாம். அளந்த எண்கள் மட்டும் இதற்கு முடிவு சொல்லிவிடாது. ஏன் ஒன்றைத் தேர்ந்தீர்கள் என்பதற்கு நிலவியல் சான்றோ கிணற்றுப் பதிவோ வேறொரு முறையின் அளவீடோ காட்ட வேண்டும். மென்பொருள் தந்த படத்தை மட்டும் நீட்டுபவர் தடுமாறுவார்.

பிஎச்.டி.க்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அடிப்படை. முதுநிலையில் 55 சதவீதமோ, நான்காண்டு இளநிலையில் 75 சதவீதமோ பெற்றிருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதத் தளர்வு உண்டு. குறைந்தது 12 கிரெடிட் பாடங்களை முடிக்க வேண்டும். ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய பாடமும் அதில் சேரும். காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு தரலாம். ஆய்வேட்டைக் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட்ட பின் வாய்மொழித் தேர்வு. ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை இந்த விதிமுறைகள் நீக்கின. ஐஐடிகள் தமக்கெனத் தனி விதிகளைப் பின்பற்றுகின்றன.

உதவித்தொகைக்குப் பெரும்பாலோர் நம்பியிருப்பது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வை. இத்துறைக்கு உரிய தாள் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாள். அதன் வழியே ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு, 2023இலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. ஐதராபாத்தில் 1961இல் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு செய்வோர் ஏசிஎஸ்ஐஆர் கல்விக்கழகத்தின் வழியே பட்டம் பெறுகின்றனர். தம் ஆய்வோடு கிராமப்புறத் தேவை சார்ந்த சிறு திட்டம் ஒன்றையும் அவர்கள் முடித்துக் கொடுக்க வேண்டும். நிலத்தடி நீர் தேடும் துறைக்கு இது மிகவும் பொருத்தமான நிபந்தனை.

வெளிநாடு செல்ல நினைப்பவருக்கு முறை வேறு: அமெரிக்காவில் இளநிலை முடித்தவரே நேரடியாகப் பிஎச்.டி.யில் சேரலாம். சேர்ந்த பிறகு அங்கே எழுதும் தகுதித் தேர்வுதான் அவர் தொடர்வதை முடிவு செய்யும். பல துறைகள் ஜிஆர்இ மதிப்பெண் கேட்பதையும் நிறுத்திவிட்டன.

தமிழ்நாட்டில் புவி இயற்பியல் பெரும்பாலும் நிலவியல் முதுநிலையின் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. தனிப்பட்டம் நாடுவோருக்கு அருகில் இருப்பது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் புவி இயற்பியல் எம்.எஸ்சி. புவிகாந்த ஆய்வில் நாட்டம் உள்ளவருக்குத் திருநெல்வேலியிலேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் கீழ்முனையை ஒட்டிச் செல்வதால் அமைந்த வாய்ப்பு இது. பட்டத்துக்குப் பின், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் புவி இயற்பியலாளர்களைத் தேர்ந்தெடுப்பது யுபிஎஸ்சியின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. நிலவியல் ஆய்வுத் துறையின் புவி இயற்பியலாளர் பணிக்கு எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.