வண்டி குடிக்கும் நீரும் வழிநீர்த் தொட்டியும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் குறுக்கிடுகிறது. இன்று இதன் எண் 44. 2010-இல் எண்கள் மாற்றப்படும் வரை இது 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. பாரம் ஏற்றிய பழைய லாரிகள் இந்த மேட்டில் ஏறும்போது, பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நிற்பது முன்பெல்லாம் சாதாரணக் காட்சி. கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார். ஓட்டுநர் ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லத் திறப்பார். பிறகு டின்னில் கொண்டுவந்த நீரை ஊற்றுவார்கள்.

இன்று அந்தக் காட்சி குறைந்துவிட்டது. அதற்கு ஒரு காரணம், பானட்டுக்குள் ஒரு மூலையில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தொட்டி. பட்டறையில் அதைக் ‘கூலண்ட் டப்பா’ என்பார்கள். காரின் வேகத்தைக் கூட்ட விரும்புவோர் வெளியில் வாங்கிய பெரிய இன்டர்கூலரைப் பொருத்தும்போது, அதன் தடித்த காற்றுக்குழாய்களுக்கு இடம் வேண்டி, முதலில் கழற்றுவது இந்தத் தொட்டியைத்தான். “வெறும் டப்பாதானே, எங்கே வைத்தால் என்ன?” என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை காண, வண்டிகள் நீரைக் குடித்த வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

நீரை இழந்த காலம்

தருமபுரி மாவட்டத்தில் எந்திர வண்டி என்றால், முதலில் நினைவுக்கு வருவது மொரப்பூர்–தருமபுரி குறுகிய இருப்புப்பாதைதான். 1906-இல் திறக்கப்பட்ட இப்பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது, 1941-இல் மூடப்பட்டது. நீராவி எஞ்சின் நீரைக் காய்ச்சி ஆவியாக்கி, அந்த ஆவியின் விசையால் ஓடி, அதைப் புகைபோக்கி வழியே வானில் விட்டுவிடும். எனவே வழியில் நின்று நின்று நீர் பிடிக்க வேண்டும்.

பெட்ரோல், டீசல் எஞ்சின்களில் நீருக்கு வேறு வேலை. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. பெரும்பகுதி புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும் பங்கைச் சிலிண்டர்களிலிருந்து சுமந்து சென்று காற்றிடம் ஒப்படைப்பதே நீரின் பணி. நீர் இங்கே சுமைக்கூலி. சுமையை இறக்கிவிட்டு மீண்டும் திரும்ப வேண்டியது.

ஆனால் 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியில் இந்தச் சிக்கனம் இல்லை. அதன் நீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்தது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் அவ்வண்டியில் சென்றார். அப்பயணத்தில் வழிநெடுக நீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. தொப்பூர் மேட்டில் டின்னைத் தூக்கிய கிளீனருக்கு அவர் மூத்த தோழர் எனலாம்!

தேன்கூட்டிலிருந்து கணவாய் வரை

இந்நிலையை மாற்றியவர் வில்ஹெல்ம் மேபாக். அவர் வடிவமைத்த 1901-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காரில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. சதுர வடிவான 8,070 சிறு குழாய்களின் ஊடே காற்று பாய, அவற்றுக்கிடையே நீர் ஓடியது. காற்றுப்படும் பரப்பு பெருகியதால், முன்பு தேவைப்பட்டதில் பாதியளவு நீரே, அதாவது 9 லிட்டரே போதுமானதாயிற்று.

1908-இல் வந்த ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. மிகத் தொடக்கத்தில் வந்த சில வண்டிகளை விட்டால், அவற்றில் நீர்ப்பம்பு கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே செல்லும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். இச்சுழற்சியே எஞ்சினைக் காத்தது. ஆனால் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால், ஓட்டம் அறுந்து எஞ்சின் கொதிக்கும். குளிர்விப்பில் நீரின் அளவைப் போலவே அதன் உயரமும் முக்கியம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

காற்றுக்கும் ஒரு ரேடியேட்டர்

எஞ்சின் புகையின் விசையால் சுழலியை ஓட்டி, சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ முறைக்கு வழிகாட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி. அவருடைய காப்புரிமை 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அதுபோல டர்போ அழுத்தும் காற்றும் சூடாகும். 30 டிகிரி செல்சியஸ் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அது 120 டிகிரியை எட்டக்கூடும். சூடான காற்று விரிந்து நிற்பதால் சிலிண்டருக்குள் குறைவாகவே அடங்கும். அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதே இடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காற்று புகும். இதைச் செய்வதே இன்டர்கூலர்.

1942-இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் வந்த மெர்லின் 61 எஞ்சினில், இரு படிகளாகக் காற்றை அழுத்தும் அமைப்புடன் இன்டர்கூலரும் இருந்தது. அதற்கெனத் தனிக் குளிர்விப்புச் சுற்றே அமைத்தார்கள். காற்றைக் குளிர்விக்கும் சுமையை எஞ்சினின் நீர்மேல் ஏற்றவில்லை.

காரில் அப்படிச் செய்ய இடமேது? பெரும்பாலும் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னே நிறுத்துகிறார்கள். முன்னது சூடாக்கி அனுப்பும் காற்றே பின்னதற்குக் கிடைக்கிறது. கூடுதல் காற்றுடன் கூடுதல் எரிபொருளும் எரிவதால், எஞ்சினின் வெப்பமும் பெருகுகிறது. ஆக, குளிர்விப்பின் சுமை மிகும் வேளையில்தான் தொட்டியின் மேல் கைவைக்கிறோம்.

மூடியும் தொட்டியும்

20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது நீர் ஏறத்தாழ 3.4 சதவீதம் விரிகிறது. 8 லிட்டர் நீர் உள்ள வண்டியில் இது சுமார் 270 மில்லிலிட்டர். பழைய வண்டிகளில் இந்த உபரி ஒரு சிறு குழாய் வழியே தரையில் கொட்டியது. எஞ்சின் ஆறியபின் அந்த இடத்தைக் காற்று நிரப்பியது.

இக்குறையை நீக்கியது இரு வால்வுகள் கொண்ட அழுத்த மூடி. கடல்மட்டத்துக்குச் சுமார் 460 மீட்டர் உயரத்திலுள்ள தருமபுரியில் திறந்த பாத்திரத்து நீர் 98.5 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மூடிக்குள் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருந்தால், கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி உயரும். ஓடி நின்ற வண்டியின் மூடியைத் திறந்தால் நீர் பீறிட்டு முகத்தை வேக வைப்பதும் இதனால்தான். அழுத்தம் எல்லை மீறினால் ஒரு வால்வு திறந்து உபரி நீரை வழிநீர்த் தொட்டிக்கு அனுப்பும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் தோன்ற, மற்றொரு வால்வு திறந்து அதே நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். வண்டி தன் நீரை இழக்காமல் காக்கக் கற்றுக்கொண்டது இவ்வாறே.

இரண்டு தொட்டிகள், இரண்டு விதிகள்

இடம் மாற்றுவோர் முதலில் அறிய வேண்டியது, தொட்டிகளில் இரு வகை உண்டு என்பது. அழுத்த மூடி ரேடியேட்டரில் இருந்தால், தொட்டி வெறும் வழிநீர்த் தொட்டி. அதில் அழுத்தம் இல்லை. நீரைத் திரும்ப இழுப்பது வெற்றிடம் ஆதலால், அது சற்றுத் தாழ்ந்த இடத்தில் இருந்தாலும் பழுதில்லை. ஆனால் குழாயின் நுனி தொட்டி நீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். இணைப்பில் கசிவும் கூடாது. இல்லையேல் நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். குழாயை நீட்டினால் அதன் கொள்ளளவையும் கணக்கிடுக. 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் குழாய் 50 மில்லிலிட்டர் நீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் சில நாட்கள் ஆறிய எஞ்சினில் நீர்மட்டத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

அழுத்த மூடி தொட்டியின் மேலேயே இருந்தால், அது விரிவுத் தொட்டி. நீர்ச் சுற்றின் ஓர் அங்கமாகிய இது, சுற்றிலேயே மிக உயர்ந்த இடத்தில் இருந்தாக வேண்டும். நீரில் கலந்த காற்றுக்குமிழ்கள் மேலேறி இங்கேதான் பிரிகின்றன. இதைத் தாழ்த்தினால், குமிழ்கள் எஞ்சினின் தலைப்பகுதியில் தங்கிவிடும். நீர் தொடாத அந்த இடம் கொதித்து, கேஸ்கெட் வெந்து, தலையே வளையக்கூடும். வெப்பமானி முள்ளோ பல வேளைகளில் ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். காற்றுக்குள் நிற்கும் உணர்வி நீரின் வெப்பத்தை எப்படிச் சொல்லும்? மாடல் டி கற்பித்த உயரத்தின் பாடம் இங்கே மீண்டும் வருகிறது.

எவ்வகையானாலும் தொட்டியைப் புகைக்குழாய்க்கும் டர்போவின் சூடான குழாய்க்கும் அருகில் வைக்கலாகாது. மேலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்டர்கூலரை வாங்குமுன் இதையும் கேட்டறிவது நல்லது.

ஊற்றும் நீர் எது?

1980-இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை தொடங்கியபோது, ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-இல் அது புதிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. லாரி செய்யும் ஊரைக் கொண்டிருந்த இம்மாவட்டம், நல்ல நீருக்கு ஏங்கிய மாவட்டமும்கூட. இங்குள்ள பாறைநிலக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளோரைடு மிகுதி. மக்களின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்த அந்நீருக்கு மாற்றாக, காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

உப்பு மிகுந்த கிணற்று நீர் எஞ்சினுக்கும் ஆகாது. வீட்டு வெந்நீர்த் தவலையில் படிவதுபோல், ரேடியேட்டரின் குறுகிய குழாய்களிலும் சுண்ணாம்பு படிந்து வெப்பத்தைத் தடுக்கும். எனவே தொட்டியில் ஊற்ற வேண்டியது, தயாரிப்பாளர் சொல்லும் கூலண்ட்டும் காய்ச்சி வடித்த நீரும்தான்.

அடுத்த முறை தொப்பூரில் ஏறும்போது, வழியோரம் நிற்காமல் செல்லும் லாரிகளைப் பாருங்கள். பெர்த்தா பென்ஸ் வழிநெடுகத் தேடிய நீரை அவை தம்முள்ளேயே காத்துச் செல்கின்றன. அந்தக் காவல் மூலையிலுள்ள டப்பாவிடம் இருக்கிறது. அதை நகர்த்தலாம், ஆனால் அது எந்த வகைத் தொட்டி என்று அறிந்த பிறகே நகர்த்த வேண்டும்.