அக்காவின் குளிசை, தங்கையின் குளிசை

சில மாதங்களுக்கு முன் எமது நிகழ்ச்சியில் ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்டார்: "மனச்சோர்வுக்கு அக்காவுக்குக் குடுத்த அதே குளிசைதான் எனக்கும். அவ எழும்பி வேலைக்குப் போறா. எனக்குத் தலைச்சுற்றுதான் மிச்சம். நான் மனசு வைக்கேல்லை எண்டு வீட்டில சொல்லினம்." நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்தேன்.

1960களில் சுவீடனில் ஃபோல்கே ஷோக்விஸ்ட் என்ற ஆய்வாளர், ஒரே அளவு மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களின் இரத்தத்தை அளந்தார். அதில் இருந்த மருந்து ஆளுக்காள் பல மடங்கு வேறுபட்டது. (சராசரி எதையெல்லாம் மறைக்கும் என்பது என் தொழிலில் உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும்.) 1969இல் 19 ஒருகரு இரட்டையர் சோடிகளுக்கும் 20 இருகரு சோடிகளுக்கும் நோர்ட்ரிப்டிலின் கொடுத்தார்கள். வேறு மருந்து எடுக்காத ஒருகரு இரட்டையரிடம் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இருகரு இரட்டையரிடம் அந்த ஒற்றுமை இல்லை. காரணம் பரம்பரையில் இருந்தது.

1975இல் இலண்டனில் ரொபேர்ட் சிமித் என்ற பேராசிரியர், டெப்ரிசோக்குயின் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சக ஆய்வாளர்களுடன் தானும் உட்கொண்டார். அவருக்கு மட்டும் அழுத்தம் இறங்கி மயக்கம் வந்தது. மருந்தை உடைக்கும் ஈரல் நொதியம் அவரிடம் வேலை செய்யவில்லை. நோர்ட்ரிப்டிலினையும் உடைப்பது அதே சீ.வை.பீ. 2டீ6 நொதியந்தான்.

என் மனதைத் தொட்டது ஒரு சுவீடன் பெண்ணின் கதை. வழமையான அளவு 75 முதல் 150 மில்லிகிராம். அவருக்கோ 500 தேவைப்பட்டது. 1985இல் இதை எழுதிய லெய்ஃப் பெர்ட்டில்சன் குழு, 1993இல்தான் காரணத்தைக் கண்டது: அந்த மரபணு அவரிடம் மேலதிகப் பிரதியாக இருந்தது. குளிசை வேலை செய்யுமுன்பே உடம்பு அதைக் கரைத்துவிட்டது. அவர் மனசு வைக்காததால் அல்ல.

2சீ19 என்ற இன்னொரு நொதியம் மந்தமாக இருப்பது ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் கூடுதல். அப்படிப்பட்டவர்களுக்குச் சிற்றலோபிராம் நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாமென 2011இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. ஆனால் மரபணு எல்லாவற்றையும் சொல்லாது. மருந்து இரத்தத்தில் எவ்வளவு தங்கும் என்பதை ஓரளவு சொல்லும். மனம் தேறுமா என்பதை அல்ல.

அந்தச் சகோதரி மீண்டும் அழைத்தபோது, கூடப்பிறந்தவர்களும் இருகரு இரட்டையர் போலத்தான், சராசரியாகப் பாதி மரபணுவே பொது என்றேன். குளிசையைத் தானாக நிறுத்தாமல், தலைச்சுற்றை வைத்தியரிடம் சொல்லி, அளவை மாற்றலாமா, இந்தப் பரிசோதனை உண்டா என்று கேட்கச் சொன்னேன். "அக்காவையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.